திருப்பிச் செய்ய முடியாத செய்முறை

மதுரைக்கு மேற்கே உசிலம்பட்டி, செக்கானூரணிப் பக்கத்து வீடுகளில் நகைப்பெட்டிக்கு அடுத்தபடியாகப் பத்திரப்படுத்தப்படுவது செய்முறை நோட்டு. காதுகுத்து, சடங்கு, கல்யாணம் என்று எந்த விசேஷமானாலும் யார் எந்த ஊரிலிருந்து வந்து எவ்வளவு செய்தார் என்பது அதில் ஏறிவிடும். மண்டபத்து வாசலில் மேசை போட்டுக் கையால் எழுதியது போய், இப்போது கணினியில் பதிந்து ரசீதும் கிழித்துக் கொடுத்துவிடுகிறார்கள். எழுதும் கருவி மாறியதே தவிர விதி மாறவில்லை. வாங்கியதைத் திருப்பிச் செய்தாக வேண்டும். வாங்கிய தகப்பன் காலமாகிவிட்டால் மகன் செய்ய வேண்டும். செய்யத் தவறினால் அடுத்த தெருவுக்கும் முகம் காட்ட முடியாது. தலைமுறை என்பதை இந்தச் சமவெளி மனிதர்கள் மரபு, பாரம்பரியம் போன்ற பெரிய சொற்களால் யோசிப்பதைவிட, யாருக்கு யார் என்ன செய்ய வேண்டியிருக்கிறது என்ற கணக்கால்தான் அதிகம் யோசிக்கிறார்கள். 2025 மார்ச்சில் நெட்ஃபிளிக்ஸில் வெளிவந்த ‘வென் லைஃப் கிவ்ஸ் யூ டேஞ்சரின்ஸ்’ என்ற கொரியத் தொடரை இந்தக் கணக்குக் கண்ணோடு பார்ப்பவர்களுக்கு, ஜேஜு தீவின் மஞ்சள் பூ வயலையும் கடலையும் தாண்டி வேறொன்று புலப்படும். கொடுத்தவருக்குத் திருப்பிச் செய்யவே முடியாத ஒரு செய்முறையைப் பற்றிய கதை அது. தலைமுறைக் கதை என்ற வடிவத்தின் உயிரே அந்த அடைபடாத பாக்கிதான் என்பதும், அதைச் சரியாகப் பிடித்ததால்தான் இத்தொடர் மேலான கலையாகிறது என்பதும் என் வாதம்.

முதலில் தொடரின் உருவம். மொத்தம் பதினாறு பகுதிகள். வாரம் நான்காக நான்கு வாரங்களில் வெளியாயின; ஒவ்வொரு நான்கும் வசந்தம், கோடை, இலையுதிர்காலம், குளிர்காலம் என்று ஒரு பருவத்தின் பெயரில் நிற்கிறது. எழுதியவர் லிம் சாங்-சுன். அது புனைபெயர், எழுதுபவர் முகத்தை வெளியே காட்டிக்கொண்டதில்லை. இயக்கியவர் கிம் வொன்-சோக். ‘மிசெங்’, ‘சிக்னல்’, ‘மை மிஸ்டர்’ ஆகிய தொடர்களைத் தந்தவர். கதை 1951-ல் ஜேஜுவில் பிறக்கும் ஏ-சுன் என்ற பெண்ணின் வாழ்க்கை. அவள் தாய் க்வாங்-ரே, மூச்சை அடக்கிக் கடலடியில் முக்குளித்துச் சங்கும் நத்தையும் எடுக்கும் ஹேன்யோ பெண். இந்தப் பெண்களின் வாழ்முறையை யுனெஸ்கோ 2016-ல் மானுடத்தின் மரபுச் செல்வப் பட்டியலில் சேர்த்தது. பாம்பன், ராமேஸ்வரம் கடலோரத்தில் கண்ணாடி மாட்டிக்கொண்டு மூழ்கிக் கடற்பாசி எடுக்கும் நம் பெண்களை அறிந்தவர்களுக்கு இந்தப் பிழைப்பை விளக்க வேண்டியதில்லை. தாய் 29 வயதில் இறக்கிறாள். ஏ-சுன் கவிதை எழுத ஆசைப்பட்டு, படிப்பு பாதியில் நின்று, சிறுவயதிலிருந்தே தன் பின்னால் மீனோடு வந்து நிற்கும் க்வான்-சிக்கைக் கட்டிக்கொள்கிறாள். மூன்று பிள்ளைகள். மூத்தவள் கும்-மியோங் சியோலுக்குப் படிக்கப் போகிறாள். கதையை நமக்குச் சொல்வதும் அவள்தான். எழுபது ஆண்டுகளும் மூன்று தலைமுறைப் பெண்களும், எட்டிப் பார்க்கும் நான்காவது தலைமுறையும் இதற்குள் அடக்கம்.

கணக்கு எப்படித் தொடங்குகிறது என்பதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். தன் நாள் எண்ணப்பட்டுவிட்டது என்று தெரிந்த க்வாங்-ரே, இறந்துபோன தன் முதல் கணவனின் தாயைத் தேடிப் போகிறாள். மாமியார் மருமகள் உறவு அறுந்து வெகுநாளாகிவிட்டது. பாசம் கொண்டாட இருவருக்கும் முகாந்திரம் எதுவும் இல்லை. அங்கே அவள் வைக்கும் கோரிக்கை மிகச் சிறியது. என் மகள் எப்போதாவது ஒருநாள் மூச்சுமுட்டி உங்கள் வாசலுக்கு வந்தால் ஒரே ஒருமுறை கைகொடுங்கள், அவ்வளவுதான். பல ஆண்டு கழித்து, க்வான்-சிக்குக்குப் படகில் வேலை இல்லாமல் போய்க் குடும்பம் முட்டுச்சந்தில் நிற்கும்போது, அந்தக் கிழவி தன் சேமிப்பை எடுத்துப் பேத்தி கையில் வைக்கிறாள். அந்தப் பணத்தில் படகு வருகிறது. படகினால் பிள்ளைகள் வளர்கிறார்கள். செத்துப்போன ஒரு பெண் வாங்கிக் கொடுத்த வாக்குறுதிதான் அந்தக் குடும்பத்தின் முதல். இதில் எழுத்தாளரின் கை எங்கே தெரிகிறதென்றால், கொடுக்கல் நடக்கும்போது தாய் இல்லை. வாங்கும் மகளுக்கு நன்றி சொல்ல ஆள் இல்லை. கிழவிக்கும் அது மருமகளுக்குச் செலுத்தும் கடன், அந்த மருமகளும் இல்லை. மூன்று பேர் சம்பந்தப்பட்ட ஒரு பற்றுவரவில் எந்த இருவரும் நேருக்கு நேர் நின்று கணக்குத் தீர்த்துக்கொள்ள முடியவில்லை. ஆகவே அது கீழே இறங்குகிறது.

இப்படி இறங்குவதைத் தொடர் மறுபடி மறுபடி வெவ்வேறு பொருள்களில் காட்டுகிறது. வாடகை பாக்கியோடு வாழும் இளம் தம்பதியின் அரிசிப் பானையை வீட்டுக்காரக் கிழத் தம்பதி யாருக்கும் தெரியாமல் நிரப்பி வைக்கிறார்கள். மகளின் ஜப்பான் படிப்புக்காக வீடு விற்கப்படுகிறது. மகன் மாட்டிக்கொண்ட வம்பைத் தீர்க்கப் படகு போகிறது. இவற்றுக்கெல்லாம் முன்னால் வரும் ஒரு சாப்பாட்டுக் காட்சி இருக்கிறது. க்வான்-சிக்கின் பெற்றோர் வீட்டில் ஆண்களுக்குத் தனிப் பந்தி, பெண்களுக்குப் பின்னால் ஒரு சின்ன மேசை. மாமியாரும் மாமியாருக்கு மாமியாரும் பேசும் பேச்சையெல்லாம் விழுங்கிக்கொண்டு ஏ-சுன் அங்கே உட்கார்ந்திருக்கிறாள். முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த க்வான்-சிக் பெற்றோரை எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை, எழுந்து போகவும் இல்லை. உட்கார்ந்த இடத்திலேயே திரும்பி, மனைவி பக்கம் முகம் வைத்துச் சாப்பிடத் தொடங்குகிறான். அவ்வளவுதான் நடக்கிறது. ஆனால் அந்த வீட்டில் தலைமுறைகளாக நடந்துவந்த உட்காரும் முறை அந்தக் கணத்தில் உடைந்துபோகிறது. ஆண்கள் உண்டு எழுந்த பிறகே பெண்கள் உட்காரும் வழக்கத்தை நேற்றுவரை பார்த்த நம் கிராமத்து வீடுகளுக்கு, அரை வட்டம் திரும்பும் அந்த உடம்பு ஒரு மேடைப்பேச்சைவிட அதிகம் சொல்லும். தலைமுறை மாறுவது கொள்கையால் அல்ல, யாரோ ஒருவர் தன் உடம்பை வைக்கும் இடத்தை மாற்றுவதால்தான் என்பதைக் கிம் வொன்-சோக்கின் கேமரா நம்புகிறது.

கொடுப்பவர்களைக் காட்டுவது எளிது. கண்ணீரும் தானே வரும். வாங்குபவரின் மனதைக் காட்டுவதுதான் கடினம், இத்தொடர் உயர்ந்து நிற்பதும் அங்கேதான். கும்-மியோங் பெற்றோரிடம் எரிந்து விழுகிறாள். அம்மா தொலைபேசியில் இரண்டாவது கேள்வி கேட்பதற்குள் சலித்துக்கொள்கிறாள். அப்பா பேருந்து நிலையத்தில் காத்துக்கிடப்பது அவளுக்கு வெட்கமாகவும் இருக்கிறது, பாரமாகவும் இருக்கிறது. நன்றியில்லாத பிள்ளை என்று நம் நெடுந்தொடர்கள் அவளை ஒரே நாளில் வில்லி ஆக்கியிருக்கும். லிம் சாங்-சுன்னுக்குத் தெரிகிறது, அவளுடைய எரிச்சல் நன்றியின்மையால் வருவதல்ல; தீர்க்க முடியாத கடன்பட்டவரின் எரிச்சல் அது. வீட்டை விற்றுப் படிக்க வைத்தவர்கள் எதிரில் தோற்பதற்கு அவளுக்கு உரிமையில்லை, களைத்துப் போவதற்கும் உரிமையில்லை. கதையை அவள் குரலில் சொல்லவைத்தது அதனால்தான் பொருத்தமாகிறது. அன்றைக்குச் சொல்ல வராததையெல்லாம் இன்றைக்குக் கதையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள் மகள். அந்த விவரிப்பு முழுக்கவே அவள் தேடிக்கொண்ட ஒரு தவணை. தம்பி உன்-மியோங்கையும் எழுத்தாளர் மறக்கவில்லை. அக்காவுக்கு வீடு போனது, எனக்கு என்ன என்று கேட்கும் அவனுடைய வழக்கும் கணக்கில் ஏறியிருக்கிறது. ஒரு பிள்ளைக்குக் கொடுப்பது இன்னொரு பிள்ளையிடமிருந்து எடுப்பது என்ற உண்மையை ஏழைக் குடும்பங்கள் எல்லாம் அறியும். கதைகள்தான் பெரும்பாலும் அதை மறைக்கும்.

இப்போது நம் பக்கம் திரும்புவோம். மதுரைச் சீமையை வைத்து எடுக்கப்பட்ட குடும்பக் கதைகளில் உச்சம் என்று சொல்லத்தக்கது பாரதிராஜாவின் ‘கிழக்குச் சீமையிலே’ (1993). மாயாண்டியாக விஜயகுமாரும் அவர் தங்கை விருமாயியாக ராதிகாவும் அவள் கணவன் சிவனாண்டியாக நெப்போலியனும் நடித்த அந்தப் படத்திலும் கணக்குதான் ஓடுகிறது. தாய்மாமன் சீர் ஊர்வலமாக வரும்போது, அது அண்ணன் தங்கைக்கு வைத்திருக்கும் மதிப்பின் பகிரங்க அறிவிப்பு. மாமன் மச்சான் பகை வந்ததும் அதே சீர் அவமானமாகவும் ஆயுதமாகவும் மாறுகிறது. விருமாயி பிறந்த வீட்டுக்கும் புகுந்த வீட்டுக்கும் நடுவில் அகப்பட்டு நசுங்குகிறாள். அதற்கு முந்தைய ஆண்டு வந்த ‘தேவர் மகன்’ படத்திலும் ஒரு தலைமுறை இன்னொன்றுக்குக் கைமாற்றுகிறது. சிவாஜி கணேசனிடமிருந்து கமல்ஹாசனுக்கு வருவது ஒரு நாற்காலி, ஒரு ஊரின் பொறுப்பு, கூடவே ஒரு பங்காளிப் பகை. லண்டனிலிருந்து உணவகக் கனவோடு வந்தவன், தான் தேர்ந்தெடுக்காத கணக்கை அடைத்துவிட்டுச் சிறைக்குப் போகிறான். இரண்டும் மறக்க முடியாத படங்கள். ஆனால் இரண்டிலும் பாக்கி பக்கவாட்டில் நகர்கிறது: அண்ணனிலிருந்து தங்கைக்கு, மாமனிலிருந்து மச்சானுக்கு, பங்காளியிலிருந்து பங்காளிக்கு. கதையின் இறுக்கம் ஒரே தலைமுறைக்குள் இருக்கிறது; அடுத்த தலைமுறை அதன் தண்டத்தைக் கட்டுகிறது.

இந்த வேறுபாட்டுக்கு ரசனைக்கு அப்பால் ஒரு காரணம் உண்டு. அதை உறவுமுறையில் தேட வேண்டும். இங்கே கட்டிக்கொடுத்த பெண் முற்றிலும் போய்விடுவதில்லை. அவள் மகளுக்கோ மகனுக்கோ தாய்மாமன் வீட்டில் முறை இருக்கிறது. ஒரு தலைமுறையில் வெளியே போனது அடுத்த தலைமுறையில் மணமாகத் திரும்ப வழியிருக்கிறது. சீரும் செய்முறையும் அந்த வட்டத்தை உயிரோடு வைத்திருக்கும் வேலையைச் செய்கின்றன. அதனால்தான் அண்ணன் தங்கை உறவு நம் கதைகளின் நெஞ்சுக்குழியில் இருக்கிறது. கொரியாவில் இதற்கு நேர் எதிர். ஒரே குலப்பெயரும் ஒரே பூர்வீகமும் கொண்டவர்கள் மணக்கக் கூடாது என்று சட்டமே இருந்தது. அரசியல் சாசன நீதிமன்றம் 1997-ல் அதைச் செல்லாததாக்கிய பிறகு, 2005-ல்தான் சட்டப் புத்தகத்திலிருந்து நீங்கியது. குடும்பத் தலைமையை ஆண்வழியில் மட்டும் பதிந்துவந்த முறை 2008 வரை நீடித்தது. அந்த ஏட்டில் மணமான மகள் அடுத்த வீட்டுக்காரி. அவள் திரும்பி வரும் வழி எதையும் உறவுமுறை போட்டு வைக்கவில்லை. தாய்க்கும் மகளுக்கும் நடுவில் இருப்பதெல்லாம் ஏட்டில் ஏறாத பாசம் மட்டும். க்வாங்-ரே, ஏ-சுன், கும்-மியோங் என்று தாய்வழியில் ஒரு வம்சத்தை அடுக்கும்போது, அரசாங்கப் பதிவேடு ஒருபோதும் எழுதியிராத ஒரு பரம்பரையைத் தொடர் எழுதிக் காட்டுகிறது. நம்மிடம் முறைக்கு உள்ள இடத்தை அங்கே நினைவு எடுத்துக்கொள்கிறது.

இது அவர்கள் ஊர்ச் சங்கதி, நமக்கென்ன என்று கேட்பவர்களுக்கு உசிலம்பட்டியே பதில் சொல்லும். சீரும் நகையும் செய்முறையும் ஏறிக்கொண்டே போன காலத்தில் பெண் குழந்தை செலவுப் பக்கத்தில் எழுதப்பட்டாள். பெண் சிசுவைக் கொல்லப் புகட்டிய கள்ளிப்பால் என்ற சொல் நாடு முழுக்க இந்த வட்டாரத்தின் பெயரோடு ஒட்டிக்கொண்டது அப்படித்தான். தமிழக அரசு 1992-ல் தொட்டில் குழந்தைத் திட்டத்தைக் கொண்டுவந்தது. பாரதிராஜா 1994-ல் ‘கருத்தம்மா’ எடுத்தார். கொரியாவும் இந்த விஷயத்தில் நம்மைப் பார்த்து விரல் நீட்ட முடியாது. 1990-ல் அங்கே நூறு பெண் குழந்தைகளுக்கு 116 ஆண் குழந்தைகள் என்ற அளவில் பிறப்பு விகிதம் கோணியிருந்தது. கருவிலேயே நடந்த தேர்வு அது. அப்படிப்பட்ட இரண்டு சமூகங்களிலும், மகளுக்காக வீட்டை விற்கும் தகப்பனைப் பார்ப்பது வெறும் நெகிழ்ச்சி அல்ல. பேத்தியையும் ஹேன்யோ ஆக்கிவிடலாம் என்று புகுந்த வீட்டுக் கிழவி முடிவு செய்யும்போது ஏ-சுன் வெகுண்டு எழுகிறாளே, அது ஒரு மருமகளின் கோபம் என்பதோடு நிற்கவில்லை. மகளைச் செலவுப் பக்கத்திலிருந்து அழித்து வரவுப் பக்கத்தில் எழுதும் துணிச்சல் அது. மதுரைப் பக்கத்தில் மல்லிகை பறித்தும் சித்தாள் வேலை பார்த்தும் மகளைக் கல்லூரிக்கு அனுப்பிய தாய்மார்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். கள்ளிப்பாலை எடுத்த நம் திரை, அவர்களுடைய வரவுக் கணக்கை இதே நீளத்தில் இன்னும் எடுக்கவில்லை.

இத்தனையும் கருத்தாக இருந்தால் போதாது, கலையாக வேண்டுமே. இங்கே கையாண்டிருக்கும் முதல் உத்தி நடிகர் தேர்வு. இளம் ஏ-சுன்னாகவும் அவள் மகள் கும்-மியோங்காகவும் வருவது ஒரே நடிகை, ஐயு. நடுவயதுக்கு மேல் ஏ-சுன்னாக வருபவர் மூன் சோ-ரி. ஆகவே பின்பாதியில் மகளின் முகத்தைப் பார்க்கும் தாய், நாம் முன்பாதியில் பார்த்த தன் முகத்தையே பார்க்கிறாள். இரட்டை வேடத்தில் ஊறிய தமிழ் ரசிகருக்கு இது புதிதா என்ற கேள்வி நியாயமானது. நம் இரட்டை வேடம் பெரும்பாலும் வித்தியாசத்தைக் காட்டும் விளையாட்டு. ‘இந்தியன்’ படத்துத் தகப்பனும் மகனும் ஒரே நடிகர் என்பதை மறக்கடிப்பதில்தான் அங்கே திறமை இருந்தது. இங்கே மறக்கவிடாமல் இருப்பதில்தான் திறமை. அதே முகம் பள்ளிப்படிப்பு மறுக்கப்பட்டு நின்றதையும், பல்கலைக்கழக வாசலில் நுழைவதையும் நாம் அடுத்தடுத்துப் பார்க்கிறோம். தாய்க்குக் கிடைக்காதது மகளுக்குக் கிடைத்தது என்று எந்த வசனமும் சொல்ல வேண்டியதில்லை. இறுதியில் இன்னொரு துணிச்சல். முதுமையில் ஏ-சுன் எழுதிய கவிதைகளைப் படித்துக் கலங்கும் பதிப்பாளராக வருபவர் யோம் ஹே-ரான். தொடக்கத்தில் 29 வயதில் செத்துப்போன தாயாக நடித்த அதே நடிகை. அம்மா மறுபிறவி எடுத்தாள் என்று கதை சொல்வதில்லை. பார்ப்பவர் கண்ணில் மட்டும் அந்தக் கணக்கு ஒருகணம் நேராகிறது. கொரியாவின் 2025 பெக்சாங் விருதுகளில் சிறந்த தொடர், சிறந்த திரைக்கதை ஆகியவற்றோடு யோம் ஹே-ரானுக்கும் துணை நடிகை விருது போனதில் ஆச்சரியமில்லை.

இரண்டாவது உத்தி, சின்ன வயதில் விட்ட ஒரு நூலைப் பெரிய வயதில் சத்தமில்லாமல் எடுத்து முடிவது. பள்ளிக்கூடத்தில் சிறுமி ஏ-சுன் ஓட்டில் ஜெயித்தும் தலைவி ஆக முடியவில்லை. வசதியான வீட்டுப் பையனுக்கு அந்தப் பதவி போகிறது, அவளுக்குத் துணைப் பதவி. பிள்ளைகள் பெற்ற பிறகு, மீனவர் சங்கத் தலைமைக்குப் போட்டியிட்டு அவள் ஜெயிக்கிறாள். எதிரில் நின்றவன் பு சாங்-கில், ஒருகாலத்தில் அவளைக் கட்டிக்கொள்ளப் பார்த்த முரட்டுப் படகு முதலாளி. பின்னால் அந்த முரடனே சம்பந்தி ஆகிறான். வீட்டில் யாரும் மதிக்காத, சிரிப்புக்கிடமான கிழவனாக மெல்ல உதிர்கிறான். அவனை அடித்துத் திருத்த யாரும் வரவில்லை, காலமே அந்த வேலையைப் பார்த்துக்கொள்கிறது. இந்த வேடத்துக்காக சே தே-ஹுன் துணை நடிகர் விருது வாங்கினார். வில்லனுக்கும் வயதாகும் என்பது எவ்வளவு எளிய உண்மை, திரையில் எவ்வளவு அரிதாகக் கிடைக்கிறது.

இங்கே முதல் மறுப்பு எழும். அழவைப்பதுதானே இதுவும்? மாமியார் கொடுமை, வறுமை, பிள்ளை சாவு, நோய். சன் டிவியில் 2002-லிருந்து மூன்று ஆண்டு ‘மெட்டி ஒலி’ பார்த்து அழுத வீடுகளுக்கு இதில் என்ன புதுமை? பொருளில் புதுமை இல்லை என்பதை ஒப்புக்கொள்ளலாம். திருமுருகன் இயக்கிய அந்தத் தொடரில் ஐந்து பெண்களைக் கட்டிக்கொடுத்த சிதம்பரத்தின் பாடு உண்மையான பாடு. வேறுபாடு காலத்தில் இருக்கிறது. தினமும் வரும் நெடுந்தொடர் ஆயிரம் பகுதி ஓடினாலும் அதற்குள் நாள்காட்டி நகர்வதில்லை. விஜய் டிவியின் ‘பாண்டியன் ஸ்டோர்ஸ்’ 2018-லிருந்து 2023 வரை ஓடியது. மளிகைக்கடை அண்ணன் தம்பிகளின் ஒற்றுமையும் விரிசலும் திரும்பத் திரும்ப வந்தன. கூட்டுக்குடும்பத்தின் அன்றாடத்தை அவ்வளவு நெருக்கமாகக் காட்டியதற்கு அதற்குரிய மரியாதை உண்டு. ஆனால் நாளை மாலையும் அதே நேரத்தில் அதே கூடத்தில் சண்டை நடக்க வேண்டும் என்பதால், எந்தக் காயமும் ஆறவும் கூடாது, எவரும் மூப்படையவும் கூடாது. அங்கே கண்ணீர் யாரோ செய்த சூழ்ச்சியால் வருகிறது. ஜேஜு குடும்பத்தில் சூழ்ச்சி மிகக் குறைவு. புயலில் கடைக்குட்டியைப் பறிகொடுத்த தாயும் தகப்பனும் மற்ற இரண்டு பிள்ளைகளுக்குச் சோறு வடிக்க வேண்டியிருப்பதால் எழுந்து நிற்கிறார்கள். அப்படி எழுந்து நின்றதன் விலை என்ன என்பது பல பகுதிகள் கழித்து, நரைத்த தலையோடு நிற்கும் தகப்பன் முகத்தில்தான் தெரிகிறது. முன்னதில் அழுகை அன்றைய பகுதியோடு முடியும். இங்கே அது வயதாகி வந்து சேர்கிறது.

இரண்டாவது மறுப்பு கனமானது. க்வான்-சிக் போல ஒரு புருஷன் உலகத்தில் உண்டா? இளமையில் பாக் போ-கம்மும் முதுமையில் பாக் ஹே-ஜுன்னும் நடிக்கும் அந்த மனிதன் கோபப்படுவதில்லை, குடிப்பதில்லை, வேறு ஆசை எதுவும் வைத்துக்கொள்வதில்லை. மனைவிக்காகக் கப்பலிலிருந்து கடலில் குதித்து நீந்தி வருபவன் அவன். இங்கே எழுத்தாளர் தட்டை ஒரு பக்கமாகச் சாய்த்துவிட்டார் என்பது உண்மை. ஏ-சுன்னுக்கு இருக்கும் முரண்கள் அவனுக்கு இல்லை. அவள் ஆள், அவன் பாதி விருப்பம். கடைசிப் பகுதிகளில் இனிப்பும் தூக்கல்: மகளின் தொழில் ஓங்குகிறது, பெற்றோர் நடத்தும் கடையில் கூட்டம் சேர்கிறது, பட்ட துன்பத்துக்கெல்லாம் வட்டி கிடைத்த மாதிரி ஒரு தோற்றம் வருகிறது. கடன் அடைபடாது என்ற தன் சொந்த ஞானத்தைத் தொடர் அங்கே கொஞ்சம் தளர்த்துகிறது. 1997-98-ன் பொருளாதார நெருக்கடியில் வேலை போன லட்சக்கணக்கானோரில் எத்தனை பேருக்கு அப்படி மீட்சி கிடைத்தது? ஆனாலும் கணக்கு முழுதாக நேர் செய்யப்படவில்லை. வசதி வந்து சேரும் நேரத்தில் க்வான்-சிக்கின் உடம்பு நோயில் விழுகிறது. மகளின் கையில் பணம் இருக்கிறது, வாங்கிக்கொள்ள அப்பாவுக்கு ஆயுள் இல்லை. அந்த இடத்தில் கறார் திரும்பி வந்துவிடுகிறது. இனிப்பை அதற்காக மன்னிக்கலாம்.

மூன்றாவது மறுப்பைப் பெண்கள்தான் கேட்பார்கள், கேட்கவும் வேண்டும். தாயின் தியாகத்தைப் பாடிப் பாடியே அடுத்த தலைமுறைப் பெண்ணின் தலையிலும் அதைக் கட்டிவிடும் வேலைதானே இது? தியாகத்தைக் கொண்டாடும் கதைக்கு ஓர் அடையாளம் உண்டு. தாய் தன் ஆசையை மறந்தவளாக இருப்பாள். ஏ-சுன் மறப்பதில்லை. கவிதை எழுத வேண்டும் என்பதை அறுபது ஆண்டு வைத்திருந்து கேட்டு வாங்குகிறாள். சிறுமியாக அவள் எழுதிய கவிதையே, முக்குளித்துக் களைத்த அம்மாவின் ஒரு நாளைக் காசு கொடுத்து வாங்கி அவளை ஓய்வெடுக்க விட வேண்டும் என்ற ஏக்கம்தான். பத்து வயதுப் பெண் தாயின் உழைப்புக்கு விலை போடுகிறாள்; அதைப் புனிதம் என்று சொல்லி இலவசமாக்கவில்லை. ‘பச்சிங்கோ’ தொடரிலும் (2022, 2024) இதே கறார் உண்டு. மின் ஜின் லீயின் நாவலிலிருந்து வந்த அந்தத் தொடரில், ஜப்பானுக்குக் கப்பலேறும் மகள் சுஞ்சாவுக்கு ஒருவேளை வெள்ளை அரிசிச் சோறு போடத் தாய் படும் பாடு ஒரு முழு நீளக் காட்சி. ஆட்சியாளர்களுக்கென்று ஒதுக்கப்பட்ட அரிசி அது. கிழவியான சுஞ்சா பல பத்தாண்டு கழித்து வேறொருவர் வீட்டில் அந்த அரிசியின் ருசியை அடையாளம் கண்டு உடைகிறாள். தாயின் அன்பு என்று பொதுவாகச் சொல்லாமல், எத்தனை கிண்ணம், எந்த ஊர் அரிசி, யாரிடம் கெஞ்சி வாங்கியது என்று சொல்லும்போது தியாகம் துதியிலிருந்து விடுபட்டுச் சாட்சியம் ஆகிறது. சாட்சியம் யாரையும் தாயைப் போல் இரு என்று கட்டாயப்படுத்துவதில்லை. இன்னொருத்தி இவ்வளவு கொடுக்க வேண்டியிருந்ததே என்று கேட்க வைக்கும்.

புதுயுகம் தொலைக்காட்சி பத்தாண்டுக்கு முன்பே கொரியத் தொடர்களைத் தமிழ் பேச வைத்தது. அன்றைக்கு இளைஞர்களைக் கவர்ந்தவை காதலும் பளபளப்பும். இப்போது குடும்பக் கதைகளும் வந்து சேர்ந்துவிட்டன, வீட்டுப் பெரியவர்களும் உட்கார்ந்து பார்க்கிறார்கள். இதைப் பார்த்து நாமும் இப்படி எடுக்க வேண்டும் என்று சொல்வது சுலபம். பொருளுக்கு இங்கே பஞ்சமில்லை. 1959-ல் திறக்கப்பட்ட வைகை அணைக்காகக் கிராமங்கள் நீருக்குள் போன கதையை வைரமுத்து ‘கள்ளிக்காட்டு இதிகாச’த்தில் தாத்தா பேரன் உறவாக எழுதி 2003-ல் சாகித்திய அகாதெமி விருது பெற்றார். மதுரையின் பல நூற்றாண்டுகளைக் கொண்ட சு. வெங்கடேசனின் ‘காவல் கோட்டம்’ 2011-ல் அதே விருதைப் பெற்றது. எழுத்தில் இருக்கும் இந்த நீண்ட காலம் நம் சின்னத்திரையில் இல்லை. தினசரி ஒளிபரப்பின் வியாபாரம் அதை அனுமதிக்காது. பதினாறு மணி நேரத்தில் முடித்துக்கொள்ளும் வடிவம் இணையத் தளங்களால் இப்போது கைக்கு வந்திருக்கிறது. அதில் அரிவாளும் பங்காளிச் சண்டையும் வைத்து மதுரையை மறுபடி எடுக்க ஆள் வரிசையில் நிற்பார்கள். அணைத் தண்ணீர் எந்தக் கால்வாயில் யார் வயலுக்குப் பாய்ந்தது, அந்த வயலில் நாற்று நட்டவள் மகளை எந்தப் பள்ளிக்கு அனுப்பினாள், அந்த மகள் எந்தப் பேருந்தில் எந்த மில்லுக்கு வேலைக்குப் போனாள், அவள் மகள் இப்போது எந்த ஊரில் என்ன சம்பளம் வாங்குகிறாள் என்று பெயர், ஊர், தொகையோடு எழுதத் துணிபவரே இந்த வடிவத்துக்கு உரியவர். அப்படி எழுதுபவர் முதலில் ஒன்றை ஏற்றுக்கொண்டாக வேண்டும். தன் கதைமாந்தர் எல்லோருக்கும் வயதாக வேண்டும், கதாநாயகன் உட்பட.